நல்ல புகைக்கும் சிவப்பு

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தவை:

1. காட்டுத்தீப் புகையால் கனடாவின் கேம்லூப்ஸில் நண்பகலிலேயே கார்கள் விளக்குப் போட்டு ஓடின.
2. சன்னல்களை டேப் ஒட்டி அடைத்திருந்தும், வீட்டுக்குள் காற்றின் மாசைக் காட்டும் மானி பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவியது.
3. கருவிப் பொறியியல் படித்த நான் சன்னல் விளிம்புகளைச் சோதித்தேன். விசிறியில் ஒட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். குறை ஏதுமில்லை.
4. அம்மா இருமினார்.

என் பிரசவத்துக்காகக் கீரமங்கலத்திலிருந்து வந்தவர் அம்மா. மூச்சிரைப்பு ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறது.

சமையலறைக்குப் போனேன். தலைக்குக் குளித்திருந்த அம்மா, எவர்சில்வர் தட்டில் கம்ப்யூட்டர் சாம்பிராணியை ஏற்றிவைத்துக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது?”

“வீடெல்லாம் கருகல் நாத்தம். நல்ல பொகை போட்டா கெட்ட பொகை போயிரும்ல?”

“மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“நல்ல பொகைக்குமா செவப்பு காட்டும்? என்னத்தப் படிச்ச மெஷினோ!”

அதற்குள் புகை மேலேறிவிட, மாடியிலிருக்கும் வீட்டுக்காரி டெபி தீயணைப்பானோடு ஓடிவந்தார். வெளியே வரச்சொல்லி அவர் அம்மாவின் கையை இழுக்க, வந்தவரை நிற்கவைக்கக் கூடாதென்று “வாங்க, உள்ள வாங்க” என அம்மா அவரை இழுக்க, நான் தட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

டெபியின் தளத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. கணவரின் ஒரே சம்பளத்தில் ஓடும் எங்கள் பேஸ்மென்ட் வீட்டிலோ மேசை விசிறியில் ஃபில்டரை ஒட்டியிருக்கிறோம். வெளியே புகை எல்லோருக்கும் ஒன்று. உள்ளே வருகிற காற்று சம்பளத்தைப் பொறுத்தது. இது எனக்குப் புதிதில்லை. ஊரில் எங்களுக்குக் கேஸ் அடுப்பு வந்த பிறகும், விருந்தாளி வந்தால் காப்பி போட மட்டுமே அம்மா அதைப் பற்றவைப்பார். மற்றதெல்லாம் தைலமர விறகில்தான். சிலிண்டரில் மிச்சம் பிடித்தது என் கல்லூரிக்குப் போனது. புகை அவர் நெஞ்சுக்குப் போனது.

நான் கேட்காமலே அம்மா மீதிச் சாம்பிராணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தாளிப்பதையும் குறைத்தார். விசிறி ஓடும் அறையில் ஆறு நாள் படுத்தார். நேற்று டாக்டர், “இங்கேயே இருக்கலாம்” என்றார்.

இன்று காலை அப்பா அழைத்தார். “அங்கிட்டு எப்புடி இருக்கு?”

அம்மா போனை வாங்கினார். “இங்க நம்ம வீடு மெஷின்ல பச்சை. அங்கிட்டு நம்ம வீட்டுக் கதவைத் தொறந்துபோட்டுட்டுத் தூங்கிறாதீங்க.”

வெளியே புகை குறையவில்லை. அம்மாவின் மூச்சிரைப்பு அடங்கிவிட்டது. பிள்ளை பிறக்கும்வரை அவர் இங்கேதான் இருப்பார்.