மொட்டை மாடியில் கிவிக்கு ஒரு வீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவே கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டு முன்சுவரில், கயிற்றின் முனையில், ஓர் இரும்புக் கூண்டு பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளுயரத்தை விட உயரமான கூண்டு. மொட்டை மாடியில் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி என் கணவரும், வெல்டிங் பட்டறை பாண்டியும், அவருடைய ஆட்களும். கீழே நின்று "மெதுவா… மெதுவா…" என்று கத்தியபடி நான்.

"யாருக்கு இம்புட்டுப் பெரிய கூண்டு? கிளி வாங்கப் போறீகளா?" – எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"இல்லக்கா. ஓணானுக்கு."

அக்கா தன் வீட்டுப் படியேறி நின்று வேடிக்கை பார்த்தார்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஷீபாவுக்குப் பெங்களூரில் வேலை. கம்பெனி அவளைச் சில மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. கிளம்புவதற்கு முன்பு வீட்டுக்கு வந்தவள், ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே பச்சைப் பசேலென்று ஓர் இகுவானா. வெளிநாட்டு ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதுகு நெடுக முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் சதை, உடம்பை விட நீளமான வால். மாதா கோயில் சிலையில் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதர் ஒரு பறவைநாகத்தைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டிருப்பாரே… அதன் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பேரு கிவி. ஒண்ணும் செய்யாதும்மா. கீரையும் பூவும்தான் சாப்பிடும். சாமி மாதிரி இருக்கும்."

என் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டி நின்றே தொட்டியைப் பார்த்தார். "ஊர்ல புள்ளைக நாய் வளக்குதுக, பூனை வளக்குதுக…" என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

தொட்டியை அவளுடைய அறையில், ஜன்னலோரம் வைத்தோம். நல்ல வெயில் விழும் இடம். தொட்டிக்கு மேலே அவள் பொருத்திக் கொடுத்த விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வேறென்ன வேண்டும்?

ஆனால் சில வாரங்களிலேயே கிவி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கி வைத்தேன். தொடவில்லை. நாள் முழுக்க ஒரே மூலையில் படுத்துக் கிடந்தது. புது இடம், ஏக்கமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அந்த அறையிலிருந்து கணவரின் குரல். "இந்தா, செத்த இங்க வா. இதுக்குக் கை நடுங்குது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். முன்னங்கால் விரல்கள் தந்தி மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கென்று ஷீபா வீடியோ காலில் வந்தாள். "கிவி எங்கம்மா? காட்டேன்."

"தூங்குதுத்தா," என்றார் அவர். பட்டப்பகலில்!

அவளும் "சரிப்பா" என்று விட்டுவிட்டாள். அடுத்த காலிலும் கிவி தூங்கியது. அதற்கடுத்த காலிலும்.

நம் ஊர் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் மறைக்கவில்லை. "ஆடு, மாடுன்னா நான் பாப்பேம்மா. இது எனக்குப் பழக்கமில்ல. மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, உடனே கொண்டு போங்க," என்று நம்பர் தந்தார்.

துணிக்கூடையில் துண்டு விரித்து, அதில் கிவியைப் படுக்கவைத்து, வாடகைக் காரில் கிளம்பினோம். அதுவரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர், மதுரை வரைக்கும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம், "பாத்துப்பா… பாத்து…"

டாக்டரம்மா கிவியின் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார். "எதுல வச்சிருக்கீங்க?"

"கண்ணாடித் தொட்டியிலதான். ஜன்னலோரமா… நல்லா வெயில் வரும். மேல லைட்டும் எரியுது," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடு வரும். இதோட எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராதும்மா. மேல இருக்கிற லைட்டும் பழசாயிருக்கும். எரியும், ஆனா பிரயோஜனம் இருக்காது. எலும்பு வலுவிழந்து போச்சு. அதான் நடுக்கம்."

"பொழைச்சுக்குமா?"

கேட்டது என் கணவர். ஷீபா சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட குரல் அது. அதற்குப் பிறகு அன்றுதான் கேட்கிறேன்.

"மருந்து தாரேன். ஆனா மருந்து பாதி, வீடு பாதி. இது மரத்துல வாழ்ற பிராணி. ஏறி உக்கார உயரம் வேணும், நேர் வெயில் வேணும். போதும்னு தோணினா ஒதுங்க நெழல் வேணும். எப்ப எங்க இருக்கணும்னு அதுதான் முடிவு பண்ணணும், நாம இல்ல."

திரும்பி வந்ததும் கூண்டு வேலை ஆரம்பித்தது. கணவர் முதலில் நீளவாக்கில், முயல் கூண்டு மாதிரி ஒன்று வரைந்தார். "மரம் படுத்துக்கிட்டா வளருது?" என்று கேட்டேன். அழித்துவிட்டு உயரமாக வரைந்தார்.

பாண்டி அளவெடுக்க வந்தவர், கிவியைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். "யக்கா, இது உடும்புல்ல? வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸாயிரும்க்கா."

"உடும்பு இல்ல பாண்டி. வெளிநாட்டுது. முறைப்படி பதிஞ்சிருக்கு."

"அப்பச் சரி. நம்ம பயதான்."

மொட்டை மாடிதான் இடம் என்று முடிவானது. ஆனால் நம் ஊர் வெயில் எப்பேர்ப்பட்டது! காலையில் மருந்து, மத்தியானம் விஷம். அதனால் மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி இடம் பார்த்தோம். காலை வெயில் நேராக விழும். உச்சி சாய்ந்தால் சுவர் நிழல் தரும். கூண்டின் கூரையில் பாதிக்கு மட்டும் பச்சை நிழல்வலை. நகம் சிக்காத, பூனை கையை விட முடியாத சின்னக் கண் கம்பி வலை. வலையின் முனைகளை எல்லாம் பாண்டி அரம் போட்டுத் தேய்த்து, தன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "எனக்குக் குத்தலேன்னா அதுக்கும் குத்தாதுக்கா."

பக்கத்து ஊர் அகரத்தில் என் தம்பி தோட்டத்தில் கவாத்து பண்ணி வெட்டிப் போட்டிருந்த கொய்யாக் கிளைகள் வந்தன. மருந்தடிக்காத மரம்தானா என்று என் கணவர் கேட்ட கேள்வியில், தம்பி கொஞ்சம் கோபித்துக்கொண்டான்.

கூண்டை அளந்தார், மாடியை அளந்தார், கிவியின் வாலைக்கூட அளந்தார், எங்கள் கணக்கு வாத்தியார். மாடிப்படியை அளந்தாரா? இல்லை. முதல் திருப்பத்திலேயே கூண்டு மாட்டிக்கொண்டது. அதனால்தான் அந்தக் கயிறும், ஊர்வேடிக்கையும். நடுவில் சன்ஷேடில் ஒரு இடி… எனக்கு உயிரே போய்விட்டது. பாண்டி மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கூண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் தெருவில் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கிவியை உள்ளே விட்டோம். வைத்த இடத்திலேயே கிடந்தது. சற்று நேரம் கழித்து மெல்ல நகர்ந்து, ஒரு கிளையைப் பிடித்து ஏறப் பார்த்தது. வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உயரமெல்லாம் யோசித்தோம். நோயாளி எப்படி ஏறும் என்று யோசித்தோமா?

இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கூண்டுக்குள் குனிந்து நுழைந்தார். தடித்த கிளை ஒன்றைச் சாய்வாக, தரையிலிருந்து சறுக்குமரம் மாதிரி படுக்கவைத்துக் கட்டினார். கீழே சாக்கை மடித்துப் போட்டார். பிறகு வெளியே வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏறு அப்பு. அவசரமில்ல."

அன்று ஏறவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள், காலை வெயில் அந்தக் கிளையில் விழுந்த நேரம்… நாக்கை நீட்டிக் கிளையைத் தொட்டது. ஒரு கால். நின்றது. இன்னொரு கால். நின்றது. பாதிக் கிளை ஏறியதும் வயிறு பதியப் படுத்து, வெயிலில் கண்ணை மூடியது.

பக்கத்தில் இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் அழுகை வந்துவிடும்.

வாரம் ஓட ஓட நடுக்கம் குறைந்தது. மங்கிப் போயிருந்த பச்சை திரும்பியது. ஒரு நாள் என் கையில் இருந்த செம்பருத்திப் பூவை வெடுக்கென்று பிடுங்கித் தின்றது. வீடியோவில் பார்த்த டாக்டரம்மா, "இனிமே பயமில்ல, தேறிருச்சு," என்றார். அன்று மத்தியானம் சந்தோஷத்தில், தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட வைக்காமல் மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சாப்பாட்டைச் சமீபத்தில் நான் சாப்பிட்டதில்லை.

அதன் பிறகுதான் ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நடுக்கம், மதுரை, தூங்குது என்று சொன்ன பொய்… எல்லாம்.

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்மா. அதுக்குப் பெரிய கூண்டு வேணும்னு எனக்கு முன்னாடியே தெரியும். லைட்டையும் மாத்தியிருக்கணும். இம்புட்டு வேலை இருக்குன்னு சொன்னா, வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு…"

பார்த்தீர்களா? நாங்கள் பயந்துவிடுவோம் என்று அவள் மறைத்தாள். அவள் பயந்துவிடுவாள் என்று நாங்கள் மறைத்தோம். இரண்டு பக்கமும் நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை! நடுவில் கிடந்து நடுங்கியது என்னவோ ஒரு வாயில்லா ஜீவன். குடும்பங்களில் பாதிச் சிக்கல் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. 'எதுக்குச் சொல்லிக்கிட்டு' என்ற ஒரு வார்த்தையால் வருகிறது.

நேற்று ஷீபா கூப்பிட்டாள். சீக்கிரமே பயிற்சி முடிகிறதாம். "வந்ததும் கிவியைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்," என்றாள்.

இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "அங்க வீடு எந்தத் திசை பாத்திருக்கு? காலையில வெயில் விழுமா? நல்லா நிமிந்து ஏறி எறங்க எடம் இருக்கா? அதெல்லாம் சொல்லு. அப்பறம் யோசிப்போம்."

மகளுக்கு வரன் பார்க்கும்போதும் மாப்பிள்ளை வீட்டில் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.