வெறுங்காலுக்குப் புத்தகம் இல்லை

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன பிறகு ஊரில் ஆபீசுகளும் பெருகின, டாக்டர்களும் பெருகினார்கள். அதில் ஒரு டாக்டர் என் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தினம் நடங்கம்மா. உடற்பயிற்சி புத்தகம் ஒண்ணு வாங்கிப் பாத்துக்குங்க" என்றார். நடப்பதற்குப் புத்தகமா என்று வாய் வரை வந்தது. ஃபீஸ் கொடுத்தாயிற்றே என்று விழுங்கிவிட்டேன்.

எனக்கும் அவசரம் இருந்தது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வேங்கிக்காலிலிருந்து என் நாத்தனார் வருவாள். "அண்ணி, உங்களால முடியாது. நீங்க ஆட்டோல சுத்திடுங்க" என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தாள். அவள் கண்ணெதிரே முழுசாக நடந்து காட்டாமல் விடுவதா?

புத்தகக் கடைக்காரன் ஆயா என்று கூப்பிடாமல் "வாங்கம்மா" என்றான். அதனால் உள்ளே போனேன். இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டான்.

"இது விளையாட்டு விஞ்ஞானம். இது உடற்பயிற்சியும் ஆரோக்கியமும். எதும்மா வேணும்?"

மூன்றாவது வரை படித்தவள் நான். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவன் கடையைச் சாத்திவிடுவான். படமாகப் புரட்டினேன். முதல் புத்தகத்தில் எல்லோரும் நடந்தார்கள், ஓடினார்கள். எல்லோர் காலிலும் ஷூ. மற்றதில் எல்லோருக்கும் வெறுங்கால்தான். ஆனால் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள், இல்லாவிட்டால் படுத்திருந்தார்கள். ஒருத்தி காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அவளுக்கு மாமியார் இல்லை போலும்.

"ஏம்பா, வெறுங்கால்ல நடக்கற புத்தகம் இல்லியா?"

"வெறுங்கால்ல எதுக்கும்மா?"

"மலைய ஷூ போட்டுக்கினா சுத்துவாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு யாரும் புத்தகம் போடலம்மா. ஊரே சும்மா நடக்குது."

உட்கார்ந்தபடி மலை சுற்ற முடியாது. நடக்கிற புத்தகத்தையே வாங்கினேன். மகனிடம் சொல்லி வெள்ளை கான்வாஸ் ஷூவும் வாங்கிக்கொண்டேன். விடியற்காலையில் நூல் புடவையும் ஷூவுமாகச் செங்கம் ரோட்டில் நடப்பேன். ஆசிரமத்துப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு எதிரே வருவார்கள். என் ஷூவைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன்.

பௌர்ணமி அன்று ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நாத்தனாரோடு கிளம்பினேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரும் புத்தகமும் ஜெயித்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் ஷூவுக்குள் சொகுசாக இருந்த பாதம், வழியில் கிடந்த ஜல்லியை ஒன்று விடாமல் எனக்குச் சொன்னது. பாதி வழியிலேயே கொப்புளம். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி முடித்து, ராஜகோபுரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன்.

"என்னா அண்ணி நொண்டறீங்க? நான்தான் சொன்னேனே, முட்டி போச்சு பாருங்க" என்றாள் நாத்தனார்.

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல. வரியா, இன்னொரு சுத்து போலாம்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, என்னால ஆவாது அண்ணி."

நல்லவேளை. வரேன் என்று சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.