கொசுறுப் பிடி

ராயப்பேட்டை அரிசிக் கடை அண்ணாச்சி குட்டையான மனிதர். புருவத்தில்கூடத் தவிட்டுத் தூள் படிந்திருக்கும். எடை போட்டு முடித்ததும், முகத்தைப் பார்க்காமலே ஒரு பிடி அரிசியைக் கொசுறாகப் பையில் போடுவார். அந்தப் பிடிக்காகவே மயிலாப்பூரிலிருந்து நடந்து வந்த உத்தமன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அரிசி ஏற்றுமதியைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டு விலையைப் பார்த்து இங்கேயும் விலை ஏறியது. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற மீன்காரம்மா, எடை போட்ட பிறகும் பையை மடக்கவில்லை.

"இன்னா அண்ணாச்சி, கொசுறு எங்க? புள்ளைங்களுக்கு ராவுக்கு அதான் கஞ்சி."

"மில்லுக்காரன் பூராவும் கப்பல்ல ஏத்துதான் தாயி. எனக்கே கூடுன வெலதான். இனி கொசுறு போட்டா கடைய மூடணும்."

"போகட்டும், நம்ம கொசுறாவது வெளிநாடு பார்க்குதே!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சியின் கை பழக்கத்தில் குவியலுக்குள் போய் ஒரு பிடி அள்ளியது. அங்கேயே உதறிவிட்டு, வெறுங்கையாக வந்து அவள் பைக்கு மேல் விரிந்தது. அவள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்து எனக்கும் அதே வெறும் பிடி. நான் எதற்காகப் பையை அவ்வளவு அகலமாக விரித்துப் பிடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.