என் முகத்தின் வரைபடம்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வலக் காதடியில் ஒரு கட்டி வந்தது. நோவில்லை. பிள்ளைகளிடமிருந்து தொற்றிய கூகைக்கட்டு என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். எந்த ஊர்க் கூகைக்கட்டு பத்து மாதம் நின்று வளர்கிறது என்று கேட்டேன். கடைசியில் எங்கள் குடும்ப வைத்தியர் தொட்டுப் பார்த்து, இது உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டி, சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்.

தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நிபுணரைச் சனல் பண்ணினால் ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிய காரியம். அக்காவின் புருஷன், என் அத்தான், முதல் நாளே எச்சரித்தார்.

"பெரிய டொக்டர். கனக்கக் கதைச்சு அவருக்குக் கோவம் வரப் பண்ணாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"முகம் என்ர தானே அத்தான்? நான் கேப்பன்."

கொப்பித் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன். எப்போது கண்டேன், என்ன குளிசை போட்டேன். பக்கவாட்டில் என் முகத்தைப் படமாகக் கீறி, கட்டி பெருத்துவந்த கணக்கை வட்டத்தைச் சுற்றி வட்டமாகப் போட்டேன். முகத்து நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளால்தான் வாய்க்குப் போகிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதையும் கோடாக இழுத்தேன். கீழே மூன்று கேள்விகள். இது புற்றுநோயா? வெட்டாமல் விட்டால் என்ன? வெட்டினால் என் வாய் கோணுமா? பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து ஆனா, ஆவன்னா சொல்லிக் காட்டிப் பிழைக்கிறவள் நான். மூன்றாவதை எழுதத்தான் சரியான பயம். ஆனாலும் எழுதினேன்.

மறுநாள் அத்தானோடு போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை எடுக்க, தாளும் கூடவே வந்தது. பொலிஸ்காரர் விரித்துப் பார்த்தார். தமிழ் எழுத்து, வட்டங்கள், கோடுகள். எந்த இடத்து வரைபடம் இது என்று சிங்களத்தில் கேட்டார்.

நன்றாகச் சிங்களம் தெரிந்த அத்தான் யாரும் கேட்காமலே தன் அட்டையை எடுத்து நீட்டினார். எனக்கோ பத்து மாதப் பயம் முழுவதும் கோபமாக ஏறியது. கூந்தலை ஒதுக்கிக் காதடியைக் காட்டினேன்.

"மே மகே மூண!"

இது என் முகம். எனக்குத் தெரிந்த பஸ் சிங்களம் அவ்வளவுதான். அவர் தாளைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார், அட்டையில் இருந்த கட்டியில்லாத முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார்.

நிபுணரின் மேசையில் தாளை விரித்து வைத்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தேன். படத்தைப் பார்த்துச் சிரித்தார். எரிச்சலாக இருந்தது. ஆனால் மூன்றுக்கும் பதில் சொன்னார். இப்படியான கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தபின் சொல்கிறேன். விட்டுவைப்பது புத்தியில்லை. நரம்பைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன், ஆனால் வாக்குத் தரமாட்டேன். பொய் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்தது.

திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே பொலிஸ்காரர். அட்டையை நீட்டினேன்.

"அத்தான், இவரிட்டச் சொல்லுங்கோ. இந்த முகத்தை இண்டைக்கே வடிவாப் பாத்து வைக்கட்டாம். அடுத்தமுறை வாய் கோணி வந்தா, படத்தில இருக்கிற ஆள் நான் இல்லையெண்டு மறிக்கக்கூடாது."

"ஏன் பிள்ளை வீண் வம்பு?"

"ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்கோ."

அத்தான் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் அட்டையைக் கையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தார். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை.