பெயர் போட விட்ட இடம்

கணினித் திரையில் ஐகான்களுக்குப் பின்னால் கிடக்கும் படத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அதைக் காசு வாங்காமல் வரைகிற தொழில் என்னுடையது. பிழைப்புக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடமாகக் காலண்டர் டிசைன் செய்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு டெஸ்க்டாப் மென்பொருளுக்குச் சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்கிறேன், வால்பேப்பர் வரைகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். நான் போட்ட காலண்டர்களில் கடைக்காரர் பெயர் இருக்கும், அவருடைய அப்பா பெயர்கூட இருக்கும். என் பெயர் ஒன்றிலும் இருந்ததில்லை. அந்த மென்பொருளிலோ, படத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழே வரைந்தவர் பெயர் வரும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்றிருந்தேன். சும்மா உழைத்து ஏச்சு வாங்கும் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டு புள்ளி

கோப்புக்குப் பெயர் வைக்கும் கட்டத்தில் தமிழ் எழுத்துகளின் அடிப்பாகம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கட்டத்தின் உயரத்தை பிக்சல் கணக்கில் இரண்டு புள்ளி கூட்டினேன், அவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்ள அந்த மென்பொருளை நடத்துகிறவர்களுக்கு ஐந்து மாதம் ஆனது. நடுவில், நிரல் வரியில் ஓர் இடைவெளி அதிகமாக விட்டதற்காக ஒரு முறை திரும்பி வேறு வந்தது.

ஏற்றுக்கொண்ட அன்று எங்கள் அச்சகத்துப் பிளேட் செக்‌ஷன் வேல்மயிலை இழுத்துவந்து பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அச்சடிக்கிற பிளேட்டில் மயிரிழை விலகினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. இதுல நீங்க என்ன செஞ்சீக?"

ராக்கெட்

புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஆளாளுக்குப் படம் அனுப்பலாம். ஒரு குழு தேர்ந்தெடுக்கும். முதலில் வானமெங்கும் ராக்கெட் பறக்கிற படம் அனுப்பினேன். பட்டாசுப் பெட்டி லேபிள் போட்டுப் பழகிய கை அல்லவா, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பத்தடி தூரத்திலிருந்தே கூப்பிட்டன. குழுவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது.

"பின்னணிப் படம் பின்னால் இருக்க வேண்டும், இது முன்னால் வந்து கையைப் பிடித்து இழுக்கிறது."

மேகம்

அடுத்த பதிப்புக்கு நிறத்தை அடக்கினேன். இருக்கன்குடி போகும் வழியில் பார்த்த காட்சி: கரிசல் காட்டுக்கு மேலே கறுத்துத் திரண்ட மழை மேகம். ஆறு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. பதினொரு வருடத்தில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான், கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

மனைவி செல்வியிடம் காட்டினேன். அவள் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவள். இடி மின்னலுக்கான அறிகுறி தெரிந்தாலே அங்கே எல்லோரையும் அறையை விட்டு வெளியேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கூலியும் அதோடு சரி.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் பாத்ததும் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பணும்போல இருக்கு."

காலி இடம்

மேகம் கடைசிச் சுற்று வரைக்கும் போனது. தினமும் குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒருநாள் குழுவில் ஒரு பெண்மணி, படத்தின் அடியில் கால்வாசி ஏன் வெறுமையாக இருக்கிறது, எதையாவது வரைய மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். அப்போதுதான் நானே பார்த்தேன். காலண்டர் படத்தில் கடைப்பெயர் அடிக்கக் கீழே இடம் விட்டுத்தான் வரைவோம். யாரும் கேட்காமலே கை அதை விட்டிருக்கிறது. காடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பழுப்பு. கெடு முடிந்திருந்ததால் திருத்தவும் வழியில்லை. படத்தை ஒதுக்கிவிட்டார்கள்.

அழுகை வந்தது, அச்சகத்தில் எங்கே போய் அழுவது? வேல்மயிலிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு எனக்காகக் கோபப்பட்டார்.

"இடத்தச் சரியாத்தான விட்டிருக்கீக. அவுகளுக்குப் பேரு அடிக்கத் தெரியலைன்னா நீங்க என்ன செய்வீக?"

வத்தல் கடை

ஒதுக்கப்பட்ட மேகத்தை என் திரையிலேயே போட்டு வைத்திருந்தேன். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரிக்கு, முதலாளி காட்டிய ஆல்பத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. போகிற போக்கில் என் திரையைப் பார்த்தார். மழை மேகம் ராசியான படம், இதையே அடித்துவிடலாம் என்றார். குழுவுக்கு அனுப்பும்போதே, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுத்து வெளியிட்டவனே நான்தான். எந்த வாயால் மறுப்பது? அதற்குள் முதலாளியும் சரி சொல்லிவிட்டார்.

கடைப்பெயர் தங்க எழுத்தில் அந்தக் காலி இடத்தில் அச்சாகப் பொருந்தியது. மூலையில் எறும்பு அளவில் என் பெயரையும் போட்டுக்கொள்ளட்டுமா என்று வியாபாரியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தோளில் கைபோட்டுத்தான் சொன்னார்.

"அங்கன உங்க பேரு எதுக்கு தம்பி? பாக்குறவுக கடை மாறி வந்துட்டமோன்னு நெனைப்பாகள்ல."

பெயருக்கு அளந்து இடம் விடப் பதினொரு வருடத்தில் கற்றுக்கொண்ட எனக்கு, அதில் என் பெயரைப் போட்டுக்கொள்ளும் வித்தைதான் இன்னும் கைவரவில்லை.