நான்காம் பாகத்தில் உயிரோடு இருந்தவர்

பேக்கரியில் அவளை எழுத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்குகளின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை நிரப்பி, நுனியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதி முடிப்பாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் கல்லாய்க் கனக்கும். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

“வந்துட்டியாம்மா? நேத்துக் கதையில கப்பல் எங்க நின்னுச்சு?”

மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். வாழ்நாளெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்தே பழகிய கண்களுக்கு, இப்போது பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் நடமாட்டம் தெரியும். ஆள் முகம் தெரியாது, எழுத்து தெரியவே தெரியாது. பேசும் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொல்லிப் பார்த்தான். “மெஷின்கிட்ட எதிர்க்கேள்வி கேட்டா பதில் சொல்லுமாடா?” என்று கேட்டுவிட்டார். மகனுக்கோ தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி வரும். ஆக, வாசிக்கிற வேலை மருமகள் தலையில் விழுந்தது.

புத்தகம் லேசுப்பட்டதல்ல. ‘அணையாச் சூரியர்கள்’ என்று பெயர். நான்கு பாகம், ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கலாம் போல் கனம். சொந்தக் கிரகத்தை இழந்த ஒரு வணிகக் கூட்டம் பழைய சரக்குக் கப்பல்களில் ஏறி, தலைமுறை தலைமுறையாக விண்வெளியில் கரை தேடிப் போகிற கதை. போர், துரோகம், சபை விவாதம், எரிபொருள் பஞ்சம், நடுநடுவே கொஞ்சம் காதல். நூலகத்து வாசகர் வட்டம் அதைப் படிக்க எடுத்திருந்தது. அந்த வட்டத்தில் கிரேன்காரர் பழைய ஆள். கருத்துச் சொல்வதில் புலி.

முதல் பாகத்தை எழுத்தம்மா வரி விடாமல் படித்தாள். அதில் சரக்குத் தலைவர் என்று ஒரு கிழவர் வருவார். கப்பலின் வயிற்றில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். யாருக்கும் பணியமாட்டார், கப்பல் தலைவியையே முகத்துக்கு நேரே திட்டுவார். கிரேன்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. “இவன் நம்ம ஆளும்மா” என்பார். அவர் வருகிற இடமெல்லாம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாம் பாகத்தில் சபை விவாதம் ஆரம்பித்தது. முடியவே இல்லை. கொட்டாவி கண்ணில் நீராக வழிய, ஒரு நாள் அவள் ஒரு பக்கத்தைத் தாண்டினாள். மாமனார் கவனிக்கவில்லை. மறுநாள் எந்திர அறையைப் பற்றிய வர்ணனை போயிற்று. மூன்றாம் பாகம் வந்தபோது அத்தியாயம் அத்தியாயமாகவே தாண்டப் பழகியிருந்தாள். ‘சண்டைதானே, யார் யாரைச் சுட்டால் என்ன’ என்று மனதுக்குள் சமாதானம் வேறு.

நான்காம் பாகத்தைத் திறந்து இரண்டு பக்கம் போனதும், கப்பல் தலைவி ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக் கண்கலங்குகிற இடம் வந்தது. எழுத்தம்மாவுக்குச் சுருக்கென்றது. தொண்டையைக் கனைத்துவிட்டு, “தண்ணி குடிச்சிட்டு வர்றேன் மாமா” என்று எழுந்து, மூன்றாம் பாகத்தை அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய்ப் புரட்டினாள். அவள் தாண்டிய அத்தியாயத்தில்தான் அது நடந்திருந்தது. சரக்கறையில் தீ. வெளிக்கதவை உள்ளேயிருந்து ஆள்தான் திறக்க வேண்டும். சரக்குத் தலைவர் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு, தானே திறந்து, தீயோடும் சரக்கோடும் இருட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஒரு அத்தியாயம் விட்டுப்போச்சு மாமா” என்றால் முடிந்திருக்கும். ஆனால் ஒன்றா விட்டிருந்தாள்? ஒரு நூலை இழுத்தால் சேலையே பிரிந்துவிடும் என்று பயந்தாள். உட்கார்ந்தாள், காலி நாற்காலியில் கிழவரை உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகு அவருக்குப் பதிலாக வந்த பெண்ணின் பேச்சையெல்லாம் அவர் வாயில் போட்டு வாசித்தாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். கடைசி அத்தியாயத்தில் கப்பல்கள் கரை சேரும்போது, புத்தகத்தில் கப்பல் தலைவி தனியாகத்தான் நிற்கிறாள். எழுத்தம்மா சும்மா இருக்காமல் கிழவரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, “தூக்குறதை யார் வேணும்னாலும் தூக்கலாம்மா. நோகாம இறக்கி வைக்கிறதுதான் வேலை” என்று பேசவும் வைத்தாள். அது மாமனாரே எப்போதோ சாப்பிடும்போது சொன்னது. சொன்னவருக்கே நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதினவன் கண்டிப்பா துறைமுகத்துல வேலை பார்த்திருப்பான்” என்றார்.

வாசகர் வட்டம் கூடிய மாலை அவள்தான் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். அவரைப் போகவிடாமல் தடுக்கத் தனக்கு வயிற்றுவலி, தலைவலி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. நூலகத்தின் பின்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கருத்துகள் பறந்தன. போர்க்காட்சி அதிகம் என்றார் ஒருவர். போர் இல்லாவிட்டால் இரண்டாம் பாகத்தைத் தூக்கிப்போட்டிருப்பேன் என்றார் இன்னொருவர். இவ்வளவு பெரிய வானத்தைக் காட்டிவிட்டு ஒரு பெண்ணுக்கும் நல்ல சாப்பாடு போடவில்லையே இந்த ஆசிரியர் என்று ஒரு தையல்காரம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்திய மருந்துக்கடைக்காரர், “நீங்க சொல்லுங்கய்யா” என்றார்.

கிரேன்காரர் எழுந்து நின்றார். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். மொத்தக் கதையையும் தாங்குறது சரக்குத் தலைவர். கடைசில கரையில நின்னுக்கிட்டு அவர் ஒரு வார்த்தை சொல்றாரு பாருங்க, இறக்கி வைக்கிறதைப் பத்தி...”

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயா,” மருந்துக்கடைக்காரர் தயங்கினார். “அவர்தான் மூணாம் பாகத்துலயே இறந்துட்டாரே.”

“யாரு?”

“சரக்குத் தலைவர். தீப்பிடிச்சப்போ.”

“இல்லையே! அவர்தானே கடைசில...” கிரேன்காரர் மருமகள் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “வேற புத்தகத்தோட கலந்துட்டீங்க போல, வயசாச்சுல்ல” என்று ஒரு குரல், ஆறுதலாகத்தான் சொன்னது.

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பும் என்ற நினைப்பே நாக்கைக் கட்டிவிட்டது. மடியில் கிடந்த நான்காம் பாகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரேன்காரர் தடவித் தடவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டார். “ஏம்மா, அவர் செத்துட்டாரா?”

“ஆமா மாமா” என்றாள். அது உண்மைதான். உண்மையை வைத்தே இன்னொரு பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“கண்ணு மட்டும்தான் போச்சுன்னு இருந்தேன்” என்றார் அவர்.

அடுத்து வந்த நாட்களில் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. வானொலிச் செய்தியோடு சண்டை போடுகிற மனிதர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டேனா என்று போட்ட கையோடு கேட்டார். வீட்டுச் சாவியை மகனிடம் கொடுத்து, “எங்கயாவது வெச்சிட்டு மறந்துடுவேன், நீயே வெச்சுக்க” என்றார். வாசிக்கட்டுமா என்று அவள் கேட்டால், “வேணாம்மா, தங்கமாட்டேங்குது” என்பார். எழுத்தம்மா பேக்கரியில் ஒரு குழந்தையின் பெயரைத் தப்பாக எழுதி, சுரண்டி, மறுபடி தப்பாக எழுதினாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல் உள்ளே போய்விடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

மகன் விடுப்பு எடுத்து, அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவளும் போனாள். மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, திரும்பக் கேட்டார். கிரேன்காரர் வரிசை பிசகாமல் சொன்னார். கணக்குக் கேட்டார், பட்டென்று பதில் வந்தது.

“நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்குப் பயப்படுறீங்க?”

“இல்ல டாக்டர்.” கிரேன்காரரின் குரல் இறங்கியது. “செத்துப்போன ஒரு ஆளு பேசினதை நான் காதால கேட்டிருக்கேன். வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு. ஆனா புத்தகத்துல அது இல்லையாம். இல்லாதது கேக்குதுன்னா அது வேற வியாதிதானே?”

எழுத்தம்மாவால் தாங்க முடியவில்லை. “அவருக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். நான்தான்” என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. தாண்டிய பக்கம், காலி நாற்காலி, கரையில் நின்ற கிழவர், வாசகர் வட்டத்தில் வாய்மூடி இருந்தது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

வெளியே வந்து, படியிறங்கும்போதுதான் கிரேன்காரர் கேட்டார். “அந்தக் கடைசிப் பேச்சு?”

“அது நீங்க சொன்னது மாமா. ஒருநாள் சாப்பிடும்போது.”

“ஓ! அதான் அவ்வளவு பிடிச்சுதா?” என்றார். சிரிப்பாரோ என்று ஒரு நொடி நம்பினாள். அவர் சிரிக்கவில்லை. அவள் நீட்டிய கையை விட்டுவிட்டு மகன் தோளைப் பிடித்துக்கொண்டார். “சலிப்பா இருந்தா சொல்லியிருக்கலாமேம்மா. நானே விடச் சொல்லியிருப்பேன். என் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தப்போ, நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?”

அவள் அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

பரிகாரமாக நினைத்துக்கொண்டு, அடுத்த வாசகர் வட்டத்துக்குத் தனியாகப் போய் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். அதுவும் கோணலாகவே முடிந்தது. “என்னைக் கேக்காம ஏன் சொன்ன? முன்னாடி வயசான கிழவன், இப்ப மருமக ஏமாத்துன கிழவன்” என்று விஷயம் தெரிந்ததும் கத்தினார் கிரேன்காரர். ஆனால் கத்தினார். அவர் குரல் அப்படி உயர்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வசவு வாங்கிக்கொண்டே அவள் உள்ளுக்குள் குளிர்ந்தாள். குளிர்ந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

சில நாள் கழித்து அவரே இரண்டாம் பாகத்தை எடுத்து வரச்சொன்னார். சபை விவாதம் முழுவதும், எந்திர அறை முழுவதும், ஒவ்வொரு சண்டையும் வாசித்தாள். மூன்றாம் பாகத்தில் தீ அத்தியாயம் வந்தபோது அவள் குரல் உடைந்தது. “நிறுத்தாத” என்றார் அவர். கதவு திறந்தது, கிழவர் போனார். கிரேன்காரர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு கருத்துச் சொன்னார். “இதுதான் சரி. நீ அவனை உயிரோட வெச்சது மட்டமான வேலை. அவனை நீ சின்னவனாக்கிட்டே.” கொஞ்சம் பொறுத்து, “சபை விவாதம் மட்டும் எனக்கும் தாங்கலை” என்றார்.

இப்போது வாரத்தில் பாதி நாள் மருந்துக்கடைக்காரர் வந்து வாசிக்கிறார். மீதி நாள் அவள். புதிய புத்தகம், இதுவும் விண்வெளிதான், இதுவும் தடிமன்தான். அவள் ஓர் எழுத்தையும் விடுவதில்லை. ஆனாலும் வாசித்து முடித்து எழுந்திருக்கும்போது அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்குவார். இதுவரை படித்த பக்கங்களை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, நேற்றைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கனத்தைத் தடவிப் பார்ப்பார். சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுப்பார். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அவள் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.