மரத்தடிப் புகை

பெரியப்பா பீடி பற்றவைக்கும் முன் ஒரு சிட்டிகை மண்ணைக் காற்றில் விடுவார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பார். பீடிக்குமா நல்ல நேரம் பார்க்கிறது என்று பெரியம்மா கேலி செய்வாள். பழைய வேலைப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

போர்க்காலத்தில் ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தைச் சமப்படுத்தி, ராணுவ விமானங்கள் இறங்க ஒரு திடல் அமைத்தார்கள். வெறும் புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, நாலு எண்ணெய்ப் பீப்பாய், அவ்வளவுதான். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் விமானம் சீக்கிரம் நிற்கும். அதனால் திடலோரக் குழியில் ஈர வைக்கோலைக் கொளுத்தி, மேலே வருபவருக்குக் காற்றின் திசையைப் புகையால் காட்ட வேண்டும். அது பெரியப்பாவின் வேலை. திடலுக்குள் மாடு வராமல் விரட்டுவது பெரியம்மாவின் தம்பி, என் மாமா. யார் யார் காலிலோ விழுந்து பெரியப்பாவுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

ஒரு மத்தியானம் வெயில் தாங்காமல், பெரியப்பா குழியை விட்டுவிட்டு வேலியோர மரங்களுக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தினார். மரங்களைத் தாண்டி வந்த காற்று அங்கே சுழன்று திரும்பியது. புகை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. அதை நம்பி இறங்கிய விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ள, அது நிற்காமல் ஓடி வாய்க்காலில் மூக்கைக் குத்தியது. ஓட்டியவரை நினைவில்லாமல் தூக்கிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஒரு கை போய்விட்டதாகப் பேச்சு.

அதிகாரி கேட்டபோது, மாடு குறுக்கே வந்தது என்றார் பெரியப்பா. மந்தையோடு மறுகோடியில் இருந்து எதையும் பார்க்காத மாமாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அன்றே மாமாவின் வேலை போயிற்று. பெரியப்பா அங்கே இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

திடலின் வரலாற்றை எழுதப் போகிறேன் என்று கேட்கப் போனபோதுதான் இதையெல்லாம் சொன்னார். "மச்சான்கிட்ட நானே சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே." அதற்குப் பின் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்பி வருவார். ஒரு மாதம் இப்படி. பிறகு செத்துப்போனார்.

மறுவாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார்.

"பதினேழு மாடுடா. எண்ணி எண்ணித்தான் ஓட்டினேன். பதினெட்டாவது எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னைக்கும் புரியல. என்னால ஒரு மனுஷன் கை போச்சு. உங்க பெரியப்பா பெரிய மனசுக்காரர். ஒரு நாள்கூட அதைக் குத்திக் காட்டினதில்லை."

கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சொன்னால் இந்த வயதில் தாங்குவாரா என்று யோசித்தேன். உண்மையில் அவரை நினைத்துத்தான் யோசித்தேனா, தெரியவில்லை.

பதினெட்டாவது மாடு என்று ஒன்று இருக்கவே இல்லை. பெரியப்பா அவருக்குத் தர வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம். கட்டில் முடியும்வரை இருந்துவிட்டு, அதைத் தராமலே எழுந்து வந்தேன்.